காலையில் மட்டும் இருண்ட திரை

கும்பகோணம்,
தை 20

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் தலைப்புகளைப் படிக்கிறார். உன் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். அன்று சாயங்காலமே ஆதிகும்பேஸ்வரர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தார்.

போனை வைக்கும்முன் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "என் பழைய கம்ப்யூட்டர் பெட்டியிலும் திரை போய்ப் போய் வருது, எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாய். தயவுசெய்து போடாதே. ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய நானும் இதே தொல்லையோடு மல்லுக்கட்டினேன். அதை விவரமாக எழுதத்தான் இந்தக் கடிதம்.

2006இல் வாங்கிய அந்த டெஸ்க்டாப்தான் இன்னும் கடையில் ஓடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி, பத்திரிகைப் பக்கங்களை அமைக்கிற பேஜ்மேக்கர் 7. நெட் இணைப்பு கொடுக்கவில்லை. புதுக் கணினி பக்கத்திலேயே இருந்தாலும், பழைய ஃபைல்களுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை அவை. நமக்கு 'அ' என்று தெரிவது கணினிக்கு ஏதோ ஓர் ஆங்கில எழுத்து, இல்லையென்றால் ஒரு குறி. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் தலவரலாறு, கும்பாபிஷேகப் பத்திரிகை எல்லாம் வெறும் கிறுக்கல். நாம் இரண்டு பேரும் ராத்திரி கண் விழித்து அடித்த பக்கங்கள் அதில் இருக்கின்றன. அதனால்தான் அந்தப் பெட்டியை விட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் திரை மஞ்சளாக மாற ஆரம்பித்தது. வெள்ளைப் பக்கம் திடீரென்று எலுமிச்சை நிறத்துக்குப் போகும், தானாகத் திரும்பும். அதற்கப்புறம் சில நாட்களில் திரை முழுசாக இருண்டு போவதும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் பத்துத் தடவை, அடுத்த நாலு நாள் ஒன்றுமே இல்லை. பார்க்க வந்த சர்வீஸ் பையன் இருந்த அரை மணி நேரமும் திரை கண்ணாடி மாதிரி நின்றது. அவன் மதர்போர்டு போய்விட்டது, மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றான். பார்க்காத கோளாறுக்கு அவனால் வேறென்ன சொல்ல முடியும்?

நம் வழக்கமான முதல் மருந்தை நானும் செய்தேன். ராம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிறத் தகடுகளை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பிறகுதான் யோசித்தேன்: ராம் சரியாக உட்காராவிட்டால் பீப் சத்தம் வரும், பெட்டி கிளம்பவே கிளம்பாது. நடுவில் இருண்டு, விட்ட வரியிலேயே மறுபடி வராது. யுபிஎஸ்ஸையும் சந்தேகப்பட்டேன். மானிட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டியும் அதே கதைதான்.

அப்புறம்தான் மானிட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தேன். திரை போகும்போதெல்லாம் மணி, என்ன தெரிந்தது, அப்போது கடையில் என்ன நடந்தது, இந்த மூன்றையும் எழுதினேன். இரண்டு வாரத்தில் எனக்குப் புலப்பட்டது ஒன்று: ஒரே நோய் என்று நான் நினைத்தது இரண்டு நோய்.

மஞ்சளுக்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் அந்த வரிகளில் பாதிக்கு மேல் 'ஸ்பைரல் பைண்டிங்' என்று எழுதியிருந்தது. அந்த மெஷின் அதே மேஜையில்தான் இருக்கிறது. கைப்பிடியை அழுத்தித் துளை போடும்போது மேஜை அதிரும், திரை மஞ்சளாகும். சிபியுவிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகிற விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசி. 1, 2, 3. நீலம் விட்டுப்போனால் வெள்ளை மஞ்சளாகத்தானே தெரியும்! பின்னால் பார்த்தால் கேபிளின் இரண்டு திருகுகளில் ஒன்று காணோம், மூன்றாவது ஊசி லேசாகச் சாய்ந்திருந்தது. மைக்ரோ டிப் பென்சிலின் முனையை அந்த ஊசியில் சொருகி மெல்ல நிமிர்த்தினேன். இரண்டு பக்கமும் திருகு போட்டேன். மஞ்சள் அதோடு தீர்ந்தது. நீ பார்க்கும்போது ஒன்பதாவது ஊசி இல்லையே என்று பதறாதே, பல கேபிள்களில் அது ஆரம்பத்திலிருந்தே இருக்காது.

இருட்டு விஷயம் வேறு. அது எப்போதுமே காலையில், கடை திறந்து முதல் அரை மணிக்குள். மார்கழிக் குளிரில் அதிகம். பதினோரு மணிக்கு மேல் ஒரு வரிகூட நோட்டில் இல்லை. சூடானால் கெடுவதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம், ஃபேனில் தூசி அடைத்து பெட்டி திணறுவது போல. இது சூடானால் சரியாகிறது.

ஒரு நாள் திரை இருண்டதும் கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனைத் தட்டினேன். விளக்கு எரிந்து அணைந்தது, அப்படியானால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தினேன், மெனுவும் தெரியவில்லை. மெனு என்பது மானிட்டரே காட்டுவது, சிபியுவுக்கு அதில் வேலையில்லை. பிறகு கடை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, திரையோடு கண்ணை ஒட்டிப் பார்த்தேன். உள்ளே, தண்ணீருக்கடியில் கிடக்கிற காகிதம் மாதிரி, மங்கலாக என் பத்திரிகையின் எழுத்துகள் இருந்தன! படம் இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற விளக்குதான் இல்லை. அந்தக் கால எல்சிடிகளில் எல்இடி கிடையாது, மெல்லிய குழல் விளக்குகள். அவற்றுக்குப் போகும் மின்சாரம் தடுமாறினால் பாதுகாப்புச் சுற்று உடனே அணைத்துவிடும். மானிட்டரை அணைத்துப் போட்டால் இரண்டு விநாடி எரிந்து மறுபடி போனதும் அதனால்தான்.

பெரிய தெருப் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கிற பெரியவரிடம் கொண்டு போனேன். திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கியது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். நீ மட்டும் தயவுசெய்து உன் மானிட்டரைத் திறந்துவிடாதே. பவர் போர்டில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்களைக் காட்டினார். தலை நாணயம் போலத் தட்டையாக இருக்க வேண்டியது, பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் காலடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் வலு குறையும், குளிரில் இன்னும் மோசமாகும், சூடேறினால் கொஞ்சம் தேறும் என்றார். என் நோட்டில் எழுதியிருந்தது அப்படியே அதுதான். அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகையில் இரண்டு போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டின் விலை டிபன் செலவுகூட இல்லை.

இன்றோடு மூன்று வாரம் ஆகிறது, திரை ஒருமுறைகூட இருளவில்லை. ஆனாலும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அதே வயசுதானே. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஃபைல்களைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருக்களையும் சேர்த்து இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு வருகிறேன். நீ அடித்த அந்த முதல் கல்யாணப் பத்திரிகை கிடைத்துவிட்டது, அனுப்புகிறேன்.

நீயும் பத்து நாள் நோட்டு போடு. திரை போனதும் 'நம் லாக்', மெனு, டார்ச், இந்த வரிசையில் பார்த்து மணியோடு எழுதி அனுப்பு. மானிட்டரில்தான் கோளாறு என்று தெரிந்தால், மாசி மகத்துக்கு வரும்போது போர்வையில் சுற்றி எடுத்து வா. அந்தப் பெரியவர் செவ்வாய்க்கிழமை கடை திறப்பதில்லை, அதையும் பார்த்துக்கொண்டு கிளம்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி