ஓடையில் கை வைக்கும் முன் கல்லைப் புரட்டிப் பாருங்கள்

குமரி மாவட்ட மலையோரத்தில் தடுப்பணை, சிறுபாலம், தூர்வாரல் என எந்த வேலைக்கும் திட்டம் போடுகிற, அனுமதி தருகிற வனத்துறை, நீர்வளத்துறை, ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

ஓடை நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அந்த அறிக்கை பாட்டில் நிரம்பிய நிமிடத்தைத்தான் சொல்லும். போன வாரம் மேலே தோட்டத்தில் மருந்தடித்ததும், முந்தாநாள் ராத்திரி சேறு கலங்கி ஓடியதும் அதில் வராது. மாதக்கணக்கில் அதே கல்லுக்கடியில் கிடக்கும் பூச்சியிடம் அந்தக் கணக்கு இருக்கும். அவற்றில் முதலில் கேட்க வேண்டியது ஸ்டோன்ஃபிளையை. தமிழில் கல்ஈ என்று வைத்துக்கொள்வோம். பெயரில்தான் ஈ, அது தனி வரிசைப் பூச்சி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் மதிப்பெண் முறையில் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. மாசைத் தாங்காத பூச்சிக்கே கூடுதல் மதிப்பெண். பெர்லிடே போன்ற கல்ஈக் குடும்பங்களுக்கு 10.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பெர்லிடே குடும்பம், அதிலும் நியோபெர்லா பேரினம். இமயமலையில் இருக்கும் பல குடும்பங்கள் இங்கே கிடையாது. இருக்கிற கொஞ்சமும் ஓடை முழுக்கப் பரவி இருப்பதில்லை. மகேந்திரகிரி உச்சி 1,654 மீட்டர். அங்கிருந்து கடல் 40 கிலோமீட்டருக்குள். இந்தக் குறுகிய தூரத்தில் ஓடை பாறைச் சரிவில் குதித்து, உருளைக்கல்லில் சலசலத்து, பிறகு மணலில் அடங்கிவிடுகிறது. கல்ஈ குடியிருப்பது நடுவில் உள்ள சலசலப்பில். பேச்சிப்பாறைக்குக் கீழே சமவெளியில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவது, தென்னந்தோப்பில் தேயிலை தேடுவது போல.

அதற்குத் தேவை மூன்று: குளிர்ந்த நீர், கரைந்த ஆக்சிஜன், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சந்து. கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் 7.6தான். கரைமரத்தை வெட்டி வெயில் விழவிட்டால் குறைவது இதுதான். கல்லுக்கடியில் கிடப்பது இறகு முளைக்காத இளம்பூச்சி. பிடித்த இளம்பூச்சியை வெள்ளைத் தட்டில் அசையாத தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஆறு காலையும் ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கித் தண்டால் எடுக்க ஆரம்பிக்கும். கால்கள் உடம்போடு சேரும் இடத்தில் உள்ள செவுள் குஞ்சங்களில் புதுத் தண்ணீர் படுவதற்காகச் செய்யும் வேலை அது. தண்டால் வேகமானால் உடனே தண்ணீரை மாற்றுங்கள்.

ஆக்சிஜனைவிட நமது வேலைகள் அதிகம் கெடுப்பது கல்லிடைச் சந்துகளைத்தான். சிற்றோடையின் குறுக்கே ஒரு மீட்டர் உயரத் தடுப்பணை கட்டினாலே மேல்புறச் சலசலப்பு குட்டையாகி, வண்டல் படிந்து சந்துகள் அடைபடும். சிறுபாலத்துக்குச் சிறிய ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டால் தண்ணீர் பீறிட்டு வெளிவாயில் குழி பறிக்கும். ஓடையின் மட்டமும் கீழே இறங்கும். ஜேசிபி விட்டு உருண்டைப் பாறைகளை அள்ளுவது எல்லாவற்றிலும் மோசம். அவை மறுபடி உருண்டு வர எத்தனை வெள்ளம் வேண்டுமோ! வளர்ந்த கல்ஈ சில நாட்களோ வாரங்களோதான் வாழும், பறப்பதிலும் மந்தம். அழிந்த இடத்துக்கு அது சீக்கிரம் திரும்பி வராது.

சோதனைக்குப் பெரிய செலவில்லை. 30 சென்டிமீட்டர் அகல வாயும் 500 மைக்ரான் கண்ணும் உள்ள கைவலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, வெப்பமானி போதும். வேலை நடக்கப்போகும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சலசலப்புகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலையைக் கீழ்ப்புறம் தரையோடு ஒட்டிப் பிடித்து, அதற்கு மேலே மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறுங்கள். பிறகு உள்ளங்கை முதல் தேங்காய் அளவு வரையிலான கற்களை வலைவாயிலேயே கையால் தேய்த்துக் கழுவுங்கள். கல்லைத் திரும்ப அதே இடத்தில் அதே பக்கமாக வைத்துவிடுங்கள்.

வால் இரண்டு என்று மட்டும் பார்த்து ‘கல்ஈ’ என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. மேஃபிளை என்ற இன்னொரு நீர்ப்பூச்சியிலும் சிலவற்றுக்கு வால் இரண்டுதான். பாதத்தைப் பாருங்கள்: கல்ஈக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், மேஃபிளைக்கு ஒன்று. மேஃபிளைக்குச் செவுள் வயிற்றின் இரு பக்கமும் இருக்கும். பெர்லிடேக்குக் கால்கள் உடம்போடு சேரும் இடத்தில்.

இனம் வரை அறிய இளம்பூச்சி போதாது, வளர்ந்த ஆண் வேண்டும். அந்தி சாய்ந்ததும் ஓடையோரம் வெள்ளைத்துணியும் விளக்கும் வைத்தால் வரும். மாதிரியை 80 சதவீத எத்தனாலில் போட்டு மறுநாளே எத்தனாலை மாற்றுங்கள். பூச்சியின் உடல்நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். இடம், தேதி எழுதிய சீட்டு குப்பிக்குள்ளேயே இருக்க வேண்டும், பென்சிலால். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். சரணாலயத்துக்குள் இதற்கெல்லாம் வனத்துறை அனுமதி தேவை. கொல்லாமலே கணக்கெடுக்க ஒரு வழி உண்டு: நீர்மட்டத்துக்கு மேல் பாறையில் இளம்பூச்சி உரித்துவிட்டுப்போன சட்டைகளை எண்ணுவது. முதுகில் பிளந்த காய்ந்த உறை, வாலும் நகமும் அப்படியே இருக்கும். விடியற்காலையில் போங்கள், ஒரு மழை பெய்தால் மிச்சமிராது.

கூடவே பத்துக் கற்களைத் தூக்கிப் பாருங்கள். பாசி படிந்த கறுப்புக்கும் புதைந்து வெளுத்த அடிப்பகுதிக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். பாதிக்குமேல் வெளுத்திருந்தால் அங்கே சந்து இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒரே ஒரு பூச்சி கிடைத்தது என்று ஓடைக்கு நற்சான்று தராதீர்கள். மேலிருந்து அடித்து வந்ததாக இருக்கும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் உடனே மாசு என்றும் முடிவு கட்டாதீர்கள். இம்மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு. பெருவெள்ளம் போய் இரண்டு மூன்று வாரம் ஆகாமல் எடுத்தால் எந்த ஓடையும் வெறிச்சோடித்தான் தெரியும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தோதான காலம்.

ஆகவே நாங்கள் கேட்பது: மலையோர ஓடையில் எந்த வேலைக்கும் மதிப்பீடு தயாரிக்கும்போது, மேலும் கீழும் எடுத்த இந்தக் கணக்கு ஒரு பக்கமாவது இணைக்கப்பட வேண்டும், வேலை முடிந்த அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். கல்ஈ இருக்கும் சலசலப்பில் பாறை அள்ள அனுமதி தரக்கூடாது. பாலம் தேவையென்றால் ஓடையின் முழு அகலத்துக்கும் அடித்தளம் திறந்த பெட்டிப்பாலமாகக் கட்டுங்கள். செலவு கூடும், அடியில் கல் கல்லாகவே கிடக்கும்.

இப்படிக்கு,
குமரி ஓடைகளின் நீர்ப்பூச்சிகளைக் கணக்கெடுப்போர்