அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது

தங்கச்சிமடம்
ஜூலை முதல் வாரம்

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு எதையும் சொல்லிப் பூசி மெழுகப் போவதில்லை. தென்கடலில் சோழகக் காற்று தூக்கி அடிக்கிறது. வீட்டுக்குள் எங்கே கை வைத்தாலும் மணல். இன்று காலை காபியின் கடைசி மடக்கு பல்லிடுக்கில் நறநறவென்றது. ஒஹையோவில் உட்கார்ந்துகொண்டு நீ ஏங்குகிற விஷயம் இதெல்லாம்தானே, அதனால் எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-இல் விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. 61 நாள் கரையில் கிடந்த ஊருக்கு இப்போதுதான் கையில் நாலு காசு புரள்கிறது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஆகிவிட்டது. 2023-இல் மண்டபத்தில் மீனவர் மாநாடு நடந்ததே, அப்போது அறிவித்தது. போதுமா என்று கேட்காதே. ரயிலும் 2025 ஏப்ரலிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குள் மறுபடி வருகிறது. புதுப் பாலத்தில் நடுத்துண்டு மட்டும் அப்படியே மேலே ஏறுகிறது, லிஃப்ட் மாதிரி. 1914-ஆம் வருஷத்துப் பழைய பாலம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி விரியுமே, அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இன்னும் ஒட்டவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியின் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற பையன் ஒருவன் ஏதோ 'நற்பணி அணி'க்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறான், மைதானத்துக்கு வெளியே செய்த நல்ல காரியத்துக்காக அவனைக் கூப்பிட்டு மரியாதை செய்கிறார்கள், நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் கல்லூரியில் விசில் ஊதினவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், சொல்ல ஒன்றும் இல்லையே என்பதால் வந்த கோபம்தான் அது.

பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் போனில் கொஞ்சம் படித்தேன். அந்த நற்பணி அணி 1992-இலிருந்து இருக்கிறதாம். 22 ஆட்டக்காரர்கள், கௌரவப் பயிற்சியாளர் ஒருவர். எல்லாரும் சேர்ந்து ஒரு ஆட்டம்கூட ஆடப்போவதில்லை, ஆனாலும் அணி. இந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. விருதுக்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகட்டும், நம் ஊர்க் கோப்பைகளை மட்டும் யார் சும்மா தருகிறார்கள்?

படிப்புக்கும் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள், கேம்பெல் டிராஃபி என்று. நாலுக்கு 3.2 கிரேடு இருந்தால்தான் பெயரே கொடுக்க முடியும். ஆட்டத்திலும் முதல் தரமாக இருக்க வேண்டும், ஊருக்கும் ஏதாவது செய்திருக்க வேண்டும். இந்தக் கேம்பெல் யார் என்று தேடினேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆடி, பிறகு அங்கேயே ஆறு சீசன் பயிற்சியாளராக இருந்தவர். 12 வெற்றி, 41 தோல்வி, ஒரு டிரா! அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டார். 41 தடவை தோற்ற கோச் பெயரில் கோப்பை இருக்கிறது என்றால், எனக்கும் எங்கோ ஒரு டம்ளராவது காத்திருக்கும்.

உங்கள் ஊர்க்காரர்களை ரொம்பவும் மெச்சிவிடவும் முடியவில்லை. 'மாணவ விளையாட்டு வீரர்' என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லை 1950-களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது கல்லூரி விளையாட்டை நெடுங்காலம் கட்டி ஆண்ட வால்டர் பையர்ஸ். காலை உடைத்துக்கொண்ட பையன் தன்னைத் தொழிலாளி என்று சொல்லி இழப்பீடு கேட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் என்று அவரே பிற்காலத்தில் எழுதிவிட்டாராம். 'மாணவன்' என்று கூப்பிடுவதில்கூடக் கணக்கு இருந்திருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நீயே பார். பல்கலைக்கழகங்களுக்கு 1956-57-இலிருந்து மௌலானா ஆசாத் கோப்பை இருக்கிறது. அது முழுக்கப் பதக்கப் புள்ளிக் கணக்கு. அரசு வேலையில் விளையாட்டுக்கு மூன்று சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம், அதற்கும் சான்றிதழ்தான் பேசும். ஊர் வேலை செய்கிறவர்களுக்கு என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு ஆரம்பித்தது. வருஷத்துக்கு 120 மணி நேரம். ஆனால் கபடிப் பையன் என்.எஸ்.எஸ்.ஸில் சேர முடியாது, சாயங்காலம் அவன் என்னிடம் இருப்பான். ஆடுகிறவன் தனி ரிஜிஸ்தர், உதவுகிறவன் தனி ரிஜிஸ்தர், படிக்கிறவன் தனி ரிஜிஸ்தர். மூன்றிலும் ஒரே பெயர் வரலாம் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று ஒருவனைச் சொன்னால் அதற்கு 'அரியர் வைத்திருப்பவன்' என்று அர்த்தம்.

பேரன் இன்னொரு கதையும் காட்டினான். மைரன் ரோல் என்று ஒரு பையன், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்காகத் தடுப்பாட்டம் ஆடியவன். செமினோல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு உடல்நலம் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு திட்டமும் நடத்தியிருக்கிறான். 2008 நவம்பர் 22, ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகைக்கு அலபாமாவில் நேர்முகம். அதே நாள் ராத்திரி மேரிலாண்டில் ஆட்டம். நேர்முகத்துக்குப் போ என்று விட்டுவிட்டார்கள். அவன் தேர்வாகி, தனி விமானத்தில் பறந்து வந்து, இரண்டாவது கால்பகுதி நடக்கும்போது மைதானத்துக்கு வந்து சேர்ந்தான். அதன்பின் ஆக்ஸ்ஃபோர்டு போனான், இன்று மூளை அறுவை சிகிச்சை நிபுணர்.

படித்து முடித்ததும் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் லேட்டாக வந்த ஒருவன் இருந்தான், மாப்ள. உனக்கு இதுவரை சொன்னதில்லை.

பாம்பன் பையன். நல்ல ரைடர், இடது கோடியில் இறங்கினால் எதிராளிக்குக் கால் பின்னிக்கொள்ளும். ஒரு டிசம்பர் மாதம், ராமநாதபுரத்தில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதி. காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். இவன் ஒன்பதரைக்கு வருகிறான். கைலி, மேலே ஜெர்சி, உடம்பெல்லாம் டீசல் வாடை. எங்களுக்கு ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னேன்: “கடலுக்குப் போறதுன்னா கடலுக்கே போ, கபடிக்கு எதுக்கு வர்றே?” அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அப்போது உள்ளங்கை தெரிந்தது. இரண்டிலும் குறுக்காகச் செக்கச் சிவந்த கோடு, தோல் உரிந்து ஓரத்தில் சுருண்டிருந்தது. கயிறு இழுத்த கை. கூலிக்குப் படகு ஏறியிருக்கிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டம் முடிகிறவரை மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

அதோடு விட்டேனா? அடுத்த இரண்டு போட்டிக்கும் அவனைச் சேர்க்கவில்லை. அது அவனுக்குக் கடைசி வருஷம். பல்கலைக்கழக அணித் தேர்வும் அதோடு போயிற்று. வேலைக்குப் போகிற இடத்தில் அந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

பத்து வருஷம் கழித்து, டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ராத்திரி வாடைக்காற்று முற்றி வடகடலில் ஒரு வல்லம் திரும்பவில்லை. இரண்டு பேர். பக்கத்து ஊர் வல்லம், இவன் ஊர்கூட இல்லை. தேடப் போன படகுகளில் இவன் சித்தப்பா படகும் ஒன்று. விடிகிற நேரத்தில் என்ஜின் நின்றுபோய் மிதந்த வல்லத்தைக் கண்டுபிடித்துக் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார்கள். அலையில் கயிறு வெட்டி வெட்டி இழுக்க, கையை விடாமல் பிடித்திருந்தவன் இவன். கரையேறின காலோடு பஸ் பிடித்து என்னிடம் வந்திருக்கிறான். வல்லத்தில் இருந்த இரண்டு பேரில் ஒருவர்தான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னவர்.

“ஏண்டா லேட்டு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டத் தெரிந்த வாய்க்கு அது வரவில்லை.

அதனால்தான் உன் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. போன மாதம் பழைய மாணவர்கள் கூட்டத்தில் வாயைத் திறந்துவிட்டேன். ஆடுகிற பிள்ளைகளில் ஒருவருக்கு, மைதானத்துக்கு வெளியே செய்ததற்கும் படிப்புக்கும் சேர்த்து, வருஷம் ஒரு தடவை 5,000 ரூபாயும் ஒரு சால்வையும் கொடுப்போம் என்றேன். உடனே ஒருவர் விண்ணப்பப் படிவம் அடிப்போம் என்றார். 'தாங்கள் செய்த சமூக சேவைகள், புகைப்பட ஆதாரத்துடன்' என்று ஒரு கட்டமாம். நான் எழுந்து கத்திவிட்டேன். போன வருஷம் எங்கிருந்தோ ஒரு கல்லூரிக் கூட்டம் கடற்கரையைச் சுத்தம் செய்ய வந்தது, ஃப்ளெக்ஸ் பேனரோடு. அரைமணி நேரம் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், படம் எடுத்தார்கள். போட்டிருந்த நீலக் கையுறைகளை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். சாயங்காலம் நம் வீட்டுக் கோழி ஒரு கையுறை விரலைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தது. படிவம் வைத்தால் இதுதான் வரும். அந்தப் பாம்பன் பையனிடம் படிவம் கொடுத்தால் வெறும் தாளைத்தான் திருப்பிக் கொடுப்பான்.

உங்கள் ஊரிலும் பையன் தானே பெயர் கொடுப்பதில்லை, கல்லூரிதான் கொடுக்கிறது. நான் அதற்கும் ஒரு படி கீழே இறங்கச் சொன்னேன். கல்லூரியும் வேண்டாம். வெளியிலிருந்து யாராவது வந்து சொன்னால் மட்டும் எடுப்போம், சொன்னதை நாம் போய் விசாரிப்போம். எப்படி வருவார்கள் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், அதற்குள்ளேயே ஒரு பேர் கைக்கு வந்துவிட்டது.

போன மார்ச்சில் கல்லூரி வாசலில் நாலு பெண்கள் வந்து நின்றார்கள். நான் ஓய்வு பெற்றும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடிவதில்லை, உனக்குத் தெரியும். வாட்ச்மேன் விடவில்லை. ஒருத்தி அவரிடம் கேட்கிறாள்: “பந்து அடிக்கிற புள்ளை எங்கே?” பெயர் தெரியவில்லை. “உசரமா இருக்கும், நம்ம பாசிக்காரி மக.”

புரிந்துவிட்டது. வாலிபால் அணியின் செட்டர், அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். அம்மா தீவுகளுக்குக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவர்கள் கையை நீ பார்த்திருப்பாய்: விரலுக்கு விரல் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு முக்குளித்துப் பாறையிலிருந்து பிய்க்கிற கை. வருஷக்கணக்கில் அப்படிப் பிய்த்துப் பிய்த்து விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிடுகிறது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் எடுக்காது. துடைத்து வை, அழுத்தி வை, வேறு விரல் வை, அப்புறம் நாளைக்கு வா. இந்தப் பெண் தன் அம்மாவுக்காக ஒரு தடவை ஆதார் மையத்துக்கு அலைந்து விவரமெல்லாம் புதுப்பித்து, கருவிழி வைத்து வாங்குகிற வழியைத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அதிலிருந்து தெருவில் ஒவ்வொருவராக அழைத்துப் போகிறாள். அவளிடம் இருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் பத்துப் பதினைந்து பேருடைய பாஸ்புக், ரேஷன் கார்டு. ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு சின்ன அடையாளம், ஒன்றில் மீன், ஒன்றில் பூ, ஒன்றில் மூக்குத்தி. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் தங்களுடையதைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் பார். அந்த மூக்குத்திப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு கணிதம். இதுவரை ஒரு அரியர் கிடையாது. போட்டிக்குப் போகும்போது இன்டர்னல் தேர்வு தவறும், ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுத்தும் சில பேராசிரியர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ரயில் பாலம் மூடிக் கிடந்த காலத்தில் இதே பிள்ளைகள் விடிகாலை பஸ் பிடித்துக் கரைக்குப் போய் ரயில் ஏறியதும் உண்டு. முன்பதிவு இல்லாத பெட்டியில், கதவோரம் பந்துப் பைமேல் உட்கார்ந்து இவள் கணக்குப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். விருதைப் பற்றிச் சொன்னபோது, “ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனதுக்கா சார்?” என்று கேட்டாள். உள்ளபடியே குழம்பிப் போயிருந்தாள். எங்கள் அணி எடுத்த கோப்பைப் பட்டியலை மனப்பாடமாகச் சொன்னாள், அதற்கு ஏதாவது கொடுத்தால் தேவலை என்கிற மாதிரி.

ஆகஸ்ட் 29, ஹாக்கி வீரர் தியான்சந்த் பிறந்தநாள் அன்று கொடுக்கிறோம். கொடுக்கப் போகிறது யார் என்பதில் கொஞ்சம் தகராறு நடந்தது. முக்கியப் பிரமுகர் ஒருவர் பெயர் வந்தது. நான் நேரே பாம்பனுக்குப் பஸ் ஏறினேன்.

அவன் இப்போது சொந்தமாக வல்லம் வைத்திருக்கிறான். தலை முன்பக்கம் நரைத்துவிட்டது. வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணி போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அன்னைக்கு ஏண்டா லேட்டு?” அவன் ஊசியை நிறுத்தாமல் சிரித்தான். “அதை இன்னுமா சார் வச்சிருக்கீங்க? பஸ்ஸு லேட்டு சார்.” அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை. அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

விருது கொடுக்க வரச் சொன்னேன். மேடை என்றதும் வேண்டாம் என்றான். அந்தப் பெண் இன்னார் மகள் என்று சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்து, “காத்து அமந்துட்டா எனக்குத் தொழில் நாள் சார். அமரலைன்னா வர்றேன்” என்றான். ஆகவே ஆவணி பிறந்தும் சோழகம் அடிக்க வேண்டும் என்று ஊரில் நான் ஒருவன்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே சொல்லிவிடாதே, உதைப்பார்கள்.

5,000 ரூபாயில் உன் பங்கு ஆயிரம். பேத்தியிடம் சொன்னால் போனிலேயே அனுப்பிவிடுவாளாம். அவளுக்கு என் ஆசி. தங்கச்சியிடம், கேட்ட நெத்திலிக் கருவாடு அடுத்த மாதம் வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்.

உன் பழைய கோலி