கிறிஸ்துமஸ் கைவினை குழந்தையின் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் நெருங்கும்போது நாளிதழ்களின் சிறுவர் பக்கங்களில் காகித நட்சத்திரம், தோரணம், வாழ்த்து அட்டை என்று கிறிஸ்துமஸ் கைவினைக் குறிப்புகள் வெளிவருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவற்றில் பல, செய்து முடித்த பொருளின் அழகிய படத்தை முதலில் காட்டிவிடுவதால், அதே போல வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெற்றோருக்கு ஏற்பட்டு, வெட்டுவதும் ஒட்டுவதும் அவர்களுடைய வேலையாகி, குழந்தை பசையை எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்காக அல்லாமல், செய்யும் குழந்தையின் கைக்காக இக்குறிப்புகள் எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1837-இல் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்ட ஃபிரெட்ரிக் ஃபுரோபெல், காகிதம் மடிப்பதையும் கத்தரிப்பதையும் பின்னுவதையும் கல்வியாகவே கருதினார். நான்கு காகிதப் பட்டைகளைப் பின்னிச் செய்யும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் கடைசி மடிப்புகள் கடினமானவை என்பதால் அது வளர்ந்த பிள்ளைகளுக்கே ஏற்றது. மூன்று வயதுக் குழந்தைக்குக் காகித வளையங்களைக் கோத்த சங்கிலி போதும். வளையங்கள் பெரிதும் சிறிதுமாக இருந்தால் இருக்கட்டும்.

சிறு குழந்தைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது உப்பு மாவு. இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு, ஏறக்குறைய ஒரு கோப்பை தண்ணீர் ஆகியவற்றைக் குழந்தையே கலக்க வேண்டும். முதலில் உதிரியாக இருப்பது, பிறகு விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டி, பிசையப் பிசைய வழவழப்பாகத் திரண்டு வரும் மாற்றத்தைக் கைகள் தாமே உணர்கின்றன. இன்னும் தண்ணீர் வேண்டுமா, மாவு வேண்டுமா என்ற முடிவையும் குழந்தையிடம் விட்டுவிடலாம். தட்டிப் பரப்பி, வடிவங்களாக வெட்டி, நூல் கோக்க ஒரு துளையிட்டுச் சில நாள்கள் உலரவிட்டால், மரத்தில் தொங்கவிடும் அலங்காரம் தயார். ஆனால் இதில் உப்பு மிக அதிகம். விழுங்கினால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் ஆபத்து. வேகாத மாவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், பிசைந்த கையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டு, முடித்ததும் சோப்பால் கழுவ வேண்டும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் உள்ள குழந்தைக்கு இது வேண்டாம்.

காகிதத்தில் பனிப்படிகம் வெட்டுவதையும் இன்னும் சரியாகச் சொல்லிக்கொடுக்கலாம். நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாகும்போது அறுகோண ஒழுங்கில் அமைவதால் பனிப்படிகத்துக்கு ஆறு கைகள் உண்டு. அச்சில் வரும் மாதிரிகளோ பெரும்பாலும் எட்டுக் கைகளோடு இருக்கின்றன. வட்டக் காகிதத்தைப் பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்றாக மடித்து வெட்டினால் ஆறு கைகள் தாமாகவே வரும். 1885-இல் அமெரிக்காவில் வில்சன் பென்ட்லி நுண்ணோக்கி வழியே ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்த செய்தியை அருகில் தந்தால், பிள்ளைகள் ஆர்வத்தோடு உண்மைப் படிகத்தைத் தேடிப் பார்ப்பார்கள்.

பனி பெய்யாத ஊரிலும் குளிர்காலத்தைக் கையால் தொடலாம். இலைகளையும் பெரிய பொம்மைகளையும் தண்ணீரில் போட்டு உறையவைத்து, அந்தக் கட்டியை ஓர் அகன்ற தட்டில் வைத்துக் குழந்தையிடம் கரண்டியும் உப்பும் கொடுத்தால், உப்பு, நீரின் உறைநிலையைக் குறைப்பதால், அது விழுந்த இடமெல்லாம் கட்டி உருகிக் குழிகளும் வாய்க்கால்களும் உண்டாகும். அவற்றில் வண்ண நீரை ஊற்றினால் ஒவ்வொரு பாதையும் தெளிவாகத் தெரியும். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவை பூச்சியத்துக்கும் வெகு கீழே குளிரக்கூடியது. அதை வெறும் தோலில் அழுத்திப் பிடித்தால் புண்ணாகிவிடும் என்பதை மட்டும் குறிப்பில் தவறாமல் எழுத வேண்டும். பைன் கூம்பைத் தண்ணீரில் ஊறவைத்தால் செதில்கள் மூடிக்கொள்வதும், உலர்ந்தால் மீண்டும் விரிவதும் செலவில்லாத இன்னொரு வேடிக்கை.

ஈரமும் பிசுபிசுப்பும் பிடிக்காத குழந்தைகளும் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது. தூரிகையையோ கரண்டியையோ கொடுக்கலாம். மாவை மூடிய பையில் போட்டு வெளியிலிருந்து அழுத்தச் சொல்லலாம். பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதும் அவர்களுக்குப் பங்கேற்புதான்.

சில பொருள்களைக் குறிப்புகளிலிருந்து அறவே நீக்க வேண்டும். நீரில் ஊறிப் பல மடங்கு பெருக்கும் ஜெல் உருண்டைகள், விழுங்கிய குழந்தையின் குடலில் பெருத்து அடைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் பெரிய விற்பனை நிறுவனங்கள் சில, சிறுவர் விளையாட்டுக்கென அவற்றை விற்பதை 2023 டிசம்பரில் நிறுத்தின. மின்னும் அட்டைகளில் வைக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுவதால், அதை உதிரியாக விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. அதற்குப் பதிலாக வண்ணக் காகிதத் துணுக்குகள் போதும்.

எனவே இவ்வாண்டு தங்கள் சிறுவர் பக்கத்தில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஏற்ற வயதையும், பெரியவர் உடனிருக்க வேண்டிய இடத்தையும், தவிர்க்க வேண்டிய பொருளையும் அச்சிட்டு, மாதிரிப் படத்துக்குப் பதிலாகக் குழந்தைகள் தாமே செய்து அனுப்பும் கைவினைகளின் படங்களை, கோணலாக இருந்தாலும் திருத்தாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்