மகளுக்குப் போடும் மினி ஸ்க்ரூ

ராமநாதபுரம்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. உன் மகளின் முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க மேல்தாடையில் இரண்டு பக்கமும் மினி ஸ்க்ரூ போடப்போவதாக எழுதியிருக்கிறாய். இத்தனூண்டு திருகு எப்படித் தாங்கும், இன்னும் நீளமாகப் போட்டு நன்றாக முடுக்கிவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். லேத் பட்டறைக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான்.

கடைவாய்ப்பல்லைப் பிடிமானமாக வைத்து முன்பல்லை இழுத்தால் கடைவாய்ப்பல்லும் முன்னால் வந்துவிடும். அதற்காகத்தான் எலும்பிலேயே ஒரு பிடிமானம். 1997இல் ஜப்பானில் கனோமி என்ற மருத்துவர் 1.2 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள டைட்டானியத் திருகைப் பற்றி எழுதினார். அதன் பிறகு இந்த முறை வேகமாகப் பரவியது.

நீளத்தைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். நம்மூர்ப் பனையில் ஆணி அடித்தவன்தானே நீ? வெளியே இருக்கிற வைரத்தில்தான் பிடிப்பு. உள்ளே சோற்றுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் பெரிய பயன் இல்லை. தாடை எலும்பும் அப்படித்தான். வெளி ஓடு கெட்டி, உள்ளே பஞ்சு மாதிரி. அந்த ஓடு ஒரு மில்லிமீட்டராவது இருந்தால் எனக்கு நிம்மதி. நீளத்தைவிட விட்டம்தான் முக்கியம். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும் என்பது உனக்குத் தெரியும், உள்தண்டு 1.2இலிருந்து 1.5 ஆனால் வலு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் இரண்டு பல் வேர்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் கிடைப்பதே பெரிய விஷயம், அதனால் இஷ்டத்துக்குப் பெருக்க முடியாது. திருகு வேரை ஒட்டிவிட்டால் மெல்லும்போதெல்லாம் வேர் அதை அசைத்துக்கொண்டே இருக்கும்.

முடுக்கும் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். 1.6 மில்லிமீட்டர் திருகுக்கு 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு என்று 2006இல் மோட்டோயோஷி என்ற ஆய்வாளரின் குழுவினர் சொன்னார்கள். அதற்குக் குறைந்தால் ஆடும். மிஞ்சினால் மரையைச் சுற்றியுள்ள எலும்பு நசுங்கி, நுண்விரிசல் விட்டு, அந்த இடம் செத்துப்போகும். போட்ட அன்று கல் மாதிரி நின்ற திருகு சில வாரத்தில் கழன்று வரும். கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிடக் கெட்டி. இருந்தும் கீழ்த்தாடையில்தான் அதிகம் கழல்கிறது. துளை போடும்போது வரும் சூடும் இதற்கு ஒரு காரணம். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட ஆரம்பிக்கும். உன் மகளுக்கு மேல்தாடை என்பதில் எனக்குச் சந்தோஷம்.

முதல் சில வாரங்கள்தான் கண்டம். முடுக்கியபோது கிடைத்த பிடி மெல்லக் குறையும், புது எலும்பு வளர்ந்து தரும் பிடி அதற்குள் முழுசாக வந்திருக்காது. இங்கே மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15இலிருந்து 61 நாள், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து வருகிற இளைஞர்களுக்கு அந்தச் சமயத்தில்தான் போடுகிறேன். முதல் மாதம் என் கண்ணில் இருக்க வேண்டும், அதற்காகத்தான். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து தீவில் இருப்பவர்கள் வந்துபோவது சுலபமாகியிருக்கிறது.

பல்லுக்கு வேர்போல இது எலும்போடு ஒட்டிவிடுமா என்றும் கேட்டிருந்தாய். முழுசாக ஒட்டாது, ஒட்டவும் கூடாது. வேலை முடிந்ததும் திருப்பி எடுக்க வேண்டுமே. 2004இல் தைவான் ஆய்வாளர்கள் பார்த்தபோது, கழலாமல் நின்ற திருகுகளில்கூடச் சில இழுத்த பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தன. அதனால் கொஞ்சம் சாய்ந்ததும் பதறாதே. தொட்டால் ஆடினால்தான் பிரச்சினை.

நூறு திருகில் பதின்மூன்று, பதினான்கு தோற்கும் என்று 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஒன்று கழன்றால் வேறு இடத்தில் போடலாம், பிள்ளையைப் பயமுறுத்தாதே. சுற்றியுள்ள ஈறு வீங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை: மெதுவான பிரஷ்ஷால் தினமும் திருகின் தலையைச் சுத்தம் செய்யட்டும், நாக்கால் நெருடாமல் இருக்கட்டும். டாக்டரிடம் திருகின் விட்டம் எவ்வளவு, இழுவிசை எத்தனை கிராம் என்று கேட்டுக்கொள். 150, 200 என்றால் சரி.

எக்ஸ்ரேயைப் போனில் அனுப்பு, நானும் பார்க்கிறேன். ராத்திரி 9 மணிக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்