ஈயக்குட்டை கரையில கல்லு அடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பிடி மணல பாக்க விடுங்க: டிபிகேஎல்லுக்கும் ஜேபிஎஸ்ஸுக்கும் ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் மாநகர் மன்றத்துல (டிபிகேஎல்) பூங்கா, ஏரி வேலைகள பாக்குறவங்களுக்கும், நீர்ப்பாசன வடிகால் துறை (ஜேபிஎஸ்) அதிகாரிங்களுக்கும், சிலாங்கூர்ல பழைய ஈயக்குட்டைங்க (வெள்ளீயம் தோண்டி முடிச்ச பள்ளத்துல தண்ணி தேங்குன குட்டைங்க) எந்தெந்த கவுன்சில் பொறுப்புல இருக்கோ அவங்க எல்லாருக்கும் வணக்கம்.

கேக்க வந்தத முதல்லயே சொல்லிடுறேன். ஒரு ஏரியோட மணல் கரைய சரிவு வெட்டி, கல்லு அடுக்கி, புல்லு பதிச்சு சீரமைக்கிற வேலைக்கு டெண்டர் விடுறீங்கல்ல, அதுக்கு முன்னாடி அந்த மணல்ல ஸ்பிரிங்டெயில்ங்கற குட்டி உயிர் மாதிரி என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க வந்து பாக்க விடுங்க, வேலை முடிஞ்சப்புறமும் ஒரு பத்து மீட்டர் கரையவாவது தொடாம அப்படியே விட்டுடுங்க. இவ்வளவுதான். ஏன் கேக்குறேன்னு விளக்கத்தான் மீதி எல்லாம்.

நான் கெப்போங் பக்கம் ஒரு இடைநிலைப்பள்ளியில பயோலஜி சொல்லித்தர்றவ. லீவு நாள்ல மண்ணுயிர் ஆராய்ச்சி பண்ற ஒரு பல்கலைக்கழக மாணவிக்கு ஸ்லைடு போட உதவியா போறேன். இதே விஷயத்த மலாய்ல கடிதமா தனியா அனுப்புறேன். தமிழ்ல போடுறதுக்குக் காரணம், காலையில அந்த ஏரிங்கள சுத்தி நடக்குறவங்க, ஞாயித்துக்கிழமை தூண்டில் போடுறவங்க, பேரப்பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றவங்க, இதுல நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க, கால் வெக்கிற மணலுக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.

நான் பேசுறது ஸ்பிரிங்டெயில் பத்தி. ஆறு கால், றெக்கை கெடையாது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர்தான் நீளம், மணல்ல இருக்குறதெல்லாம் அதுக்கும் கம்மி. வயித்துக்கு அடியில ரெண்டு கிளையா பிரிஞ்ச ஒரு வாலு மடங்கி ஒரு கொக்கியில மாட்டியிருக்கும், ஆபத்துன்னா கொக்கி விட்டுடும், வாலு தரைய அடிக்கும், உடம்பு எகிறிப் போயிடும். பாக்க பூச்சி மாதிரி இருந்தாலும் வாயுறுப்பு தலைக்குள்ள அடங்கியிருக்குறதால இப்பெல்லாம் இத பூச்சி வகுப்புல சேக்காம கொலெம்போலான்னு தனி வகுப்பா வெக்கிறாங்க. ஸ்காட்லாந்துல ரைனிங்கற ஊர் பாறையில இதோட ஃபாசில் கெடைச்சிருக்கு, சுமார் 40 கோடி வருஷம் பழசு, டைனோசர்லாம் வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி. கடிக்காது, நோய் பரப்பாது. பூஞ்சை, பாசி, மக்குன இலை தின்னும், அப்படித் தின்னுதான் மண்ண மண்ணா வெச்சிருக்கு. உலகம் முழுக்க 9,000க்கு மேல இனங்களுக்கு பேர் வெச்சாச்சு, இன்னும் வருஷா வருஷம் புதுசு புதுசா பேர் வெச்சிக்கிட்டே இருக்காங்க. நம்ம தென்கிழக்காசியாவுல காடு, குகைன்னு தேடி நெறைய புது இனங்கள விவரிச்சவர் பிரான்ஸ்காரர் லூயி தெஹார்வெங். மணல் ஸ்பிரிங்டெயிலுக்குன்னே பல நாட்டு கரையோர மணல வாங்கி ஆராய்ச்சி பண்ணவரு பாரிஸ் இயற்கை வரலாற்று மியூசியத்துல இருந்த ழான்-மார்க் திபோ.

மணல்ல இருக்குறதுங்க ஏன் தனின்னா, அதுங்க மணல் மேல வாழல, மணலுக்கு நடுவுல வாழுது. ஒரு ஜாடியில கோலிக்குண்டு ரொப்பினா குண்டுக்கும் குண்டுக்கும் நடுவுல இடம் இருக்கும்ல, அந்த இடம்தான் வீடு. அதுக்கேத்த மாதிரி உடம்பு ஒல்லியா நீளமா ஆயிடுச்சு, வெளிச்சமே படாததால கண்ணு போச்சு, நெறம் போச்சு, துள்ள எடமில்லாததால அந்த வாலும் குட்டையாயிடுச்சு, துல்பெர்கிடேங்கற குடும்பத்துல வாலே கெடையாது. மணல் துகளோட அளவு, ஈரம், எவ்வளவு ஆழம், தண்ணி விளிம்புல இருந்து எவ்வளவு தூரம், இதெல்லாம் மாறினா உள்ள இருக்குற இனமும் மாறும். அதனாலதான் ஏரி கரைய புல்டோசர் வெச்சு கெளறி, வேற எங்கிருந்தோ லாரியில கொண்டாந்த மணல மேல கொட்டினா வெளியிலேர்ந்து பாக்க அழகான பீச் மாதிரி இருந்தாலும் உள்ள இருந்த வீடு மொத்தமும் போயிடுது.

அதுக்கு மேல, தண்ணி மேலயே வாழுற கூட்டமும் இருக்கு. ஐரோப்பா குளங்கள்ல பொடுரா அக்குவாட்டிக்கான்னு ஒண்ணு, ஸ்வீடன் இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் 1758லயே பேர் வெச்சிட்டாரு, கருநீலப் பொடி தூவின மாதிரி தண்ணி மேல கூட்டமா கெடக்கும், தோல் நனையாததால முங்காது. ஸ்மிந்துரிடெஸ்னு இன்னொரு உருண்டை வகை, அதுல ஆண் ரொம்ப சின்னது, கொக்கி மாதிரி இருக்குற தன்னோட உணர்கொம்பால பெண்ணோட உணர்கொம்ப பிடிச்சிக்கும், பெண் அத தூக்கிக்கிட்டே திரியும். இத கிளாஸ்ல சொன்னா கடைசி பெஞ்சு பையன்கூட தலைய தூக்கிப் பாப்பான்.

இப்ப நீங்க கேக்கலாம், ஈயக்குட்டை மனுஷன் தோண்டுனது, அந்த மணல் சுரங்கக்காரன் கழுவி ஒதுக்குன கழிவு, அதுல என்ன புது உயிர் இருக்கப் போகுதுன்னு. நியாயமான கேள்விதான். தித்திவாங்சா ஏரியும் ஒரு காலத்துல ஈயக்குட்டைதான், செரி கெம்பாங்கான்ல உலகத்துலயே பெரிய திறந்தவெளி ஈயச்சுரங்கம் இருந்த எடம் இன்னைக்கு ஏரி. ஆனா அந்த மணல் வானத்துலேர்ந்து விழல. மலைத்தொடர் கிரானைட்டு கரைஞ்சு ஆத்தோட வந்து தங்குனது, சுரங்கம் போட்டவங்க அத தோண்டி அலசி ஈயத்த எடுத்துக்கிட்டு மணல திரும்ப அங்கயே கொட்டினாங்க. பின்னால மழை, வெள்ளம், பக்கத்து ஓடை எல்லாமா சேந்து திரும்ப உயிர கொண்டாந்து விட்டுச்சு, ஸ்பிரிங்டெயில் தண்ணியில மிதக்குறதால வெள்ளத்தோட எடம் மாறுறது அதுக்கு சாதாரணம். கைவிட்ட சுரங்க நிலம் என்னவா மாறும்னு பாக்க தூரம் போக வேணாம், எங்க கெப்போங்ல இருக்குற ஃப்ரிம் (வன ஆராய்ச்சி நிலையம்) காட்டையே பாருங்க, அது 1920கள்ல ஈயம் தோண்டி கைவிட்ட தரிசு நிலத்துல நட ஆரம்பிச்ச காடு, 2025ல யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு. மரத்துக்கு நாம குடுத்த பொறுமைய மணலுக்கும் குடுக்கலாமே.

இன்னொரு காரணமும் இருக்கு. சுரங்க மண்ணுல ஆர்செனிக், காரீயம் (லெட்) மாதிரி உலோகங்க தங்கியிருக்குற வாய்ப்பு அதிகம். மண்ணு விஷமா இல்லையான்னு உலகம் முழுக்க சோதிக்கிறது எத வெச்சு தெரியுமா, ஃபோல்சோமியா கேண்டிடாங்கற ஒரு வெள்ள ஸ்பிரிங்டெயில வெச்சு, அதுக்குன்னே ஐஎஸ்ஓ 11267ன்னு தரநிலை இருக்கு. அந்த இனத்த லேப்ல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கரியும் கலந்து ஊத்துன டப்பாவுல வளக்குறாங்க. ஆனா நம்ம ஈயக்குட்டை கரையில நெசமாவே குடியிருக்குற இனம் எது, அது எத தாங்குது எத தாங்கலன்னு தெரிஞ்சா, பூங்காவுல பிள்ளைங்க வெளையாடுற மண்ண பத்தி உங்களுக்கே அது ஒரு தகவல்.

சரி, ஒரு புது இனத்த கண்டுபிடிச்சு விவரிக்கிறதுன்னா என்ன வேலைன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா கரை ஏன் அப்படியே இருக்கணும்ங்கறதுக்கு பதில் இங்கதான் இருக்கு. காட்டு மண்ணுன்னா புனல்ல போட்டு மேல பல்பு எரியவிட்டா சூட்டுக்கு பயந்து எல்லாம் கீழ இருக்குற ஆல்கஹால்ல விழும். மணலுக்கு அது அவ்வளவா ஒத்து வராது, மணலே கொட்டிடும். அதனால மணல வாளியில போட்டு தண்ணி ஊத்தி கலக்கி விடுவோம், நனையாத தோல்ங்கறதால ஸ்பிரிங்டெயில் மேல வந்து மிதக்கும், மெல்லிசான சல்லடையில வடிகட்டி மைக்ரோஸ்கோப்புக்கு கீழ வெச்சு பிரஷ் நுனியால ஒண்ணொண்ணா எடுக்கணும். அப்புறம் லாக்டிக் ஆசிட் மாதிரி ஒண்ணுல ஊறவெச்சு உடம்ப கண்ணாடி மாதிரி தெளிய வெச்சு ஸ்லைடு போடணும். அதுக்கப்புறம்தான் உண்மையான வேலை: தலையில, உடம்போட ஒவ்வொரு பிரிவுல, காலுல, ஒவ்வொரு மயிரும் எங்க இருக்கு, எவ்வளவு நீளம்னு எண்ணி வரையணும், நகத்துல பல்லு இருக்கா, உணர்கொம்புக்கு பின்னாடி இருக்குற சின்ன உறுப்பு எந்த வடிவம், எல்லாத்தையும் அந்த பேரினத்துல உலகத்துல ஏற்கெனவே பேர் வெச்ச ஒவ்வொரு இனத்தோடயும் ஒப்பிட்டு பாக்கணும். இப்பெல்லாம் டிஎன்ஏ பார்கோடும் எடுக்குறாங்க, அதுக்கு நல்ல ஆல்கஹால்ல போட்ட புது உடல் வேணும். எல்லாம் முடிஞ்சு பேர் வெக்கும்போது ஒரே ஒரு உடல அந்த பேருக்கு ஆதாரமா ஹோலோடைப்னு ஒதுக்கி, அது எந்த மியூசியத்துல இருக்குன்னு எழுதி, எந்த எடத்துல பிடிச்சதுன்னு துல்லியமா பதிவு பண்ணி வெளியிடணும். ஆன்லைன்ல மட்டும் வர்ற ஜர்னல்னா விலங்குப் பேருங்கள பதிவு பண்ற ஸூபேங்க்ல பதிவும் வேணும். வருஷக்கணக்குல இழுக்குற வேலைங்க இது.

கரைய சீரமைக்கிற வேலை சில வாரத்துல முடிஞ்சிடும். சிக்கலே இந்த ரெண்டு வேகத்துக்கும் நடுவுலதான் இருக்கு.

நடந்தத சொல்றேன். எந்த ஏரி, எந்த அலுவலகம்னு எழுதமாட்டேன், யாரையும் குத்தம் சொல்ல இந்த மடல எழுதல. அந்த மாணவி முறைப்படி அனுமதி வாங்கி எடுத்துட்டு வந்த ஒரு கரை மணல்ல வெள்ளையா, கண்ணே இல்லாம ஒண்ணு கெடைச்சுச்சு. எங்க கையில இருக்குற, இனத்த அடையாளம் காண உதவுற சாவிப் புத்தகத்துல எதோடயும் அது பொருந்தல. ஆனா கெடைச்சது எல்லாமே இளசு. ஸ்பிரிங்டெயில் ஒவ்வொரு தடவ தோலுரிக்கும்போதும் மயிர் கூடும், இனப்பெருக்க உறுப்பு, உயிர் முழுசா வளந்தப்புறம்தான் தெரியும், அதனால இளசு உடல மட்டும் வெச்சு பேர் வெக்கிறது நேர்மையான வேலை இல்ல. வளந்தது வேணும்னு திரும்பப் போனா அந்த கரை முழுக்க துணி விரிச்சு கல்லு அடுக்கியாச்சு. வேலை செஞ்சவங்க ஒப்பந்தப்படி நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, அவங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல, சொல்றதுக்கு எந்த ஏற்பாடும் இல்ல. இன்னைக்கு அந்த ஸ்லைடுங்க பேரில்லாம பெட்டியில இருக்கு. அது நெசமாவே புது இனமா, இல்ல வேற நாட்டுல ஏற்கெனவே பேர் வெச்சதான்னு சொல்ல எங்களுக்கு வழி இல்லாமப் போச்சு. அந்த மாணவி அழுதத பாத்தேன், அதனாலதான் இத எழுதுறேன்.

பேர் வெச்சா என்ன ஆயிடும்னு கேட்டா, பத்துமலைய பாருங்க. லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ்னு ஒரு பொறிக்கதவு சிலந்தி, 1923ல விவரிச்சாங்க, பத்துமலை பேரயே சுமந்துக்கிட்டு இருக்கு. அந்த குகைய பத்தி பேசுற எவரும் அந்த சிலந்திய விட்டுட்டு பேச முடியாது. ஈப்போ பக்கம் காந்தான் சுண்ணாம்புக் குன்றுல 2014ல ஒரு குட்டி நத்தைய விவரிச்சப்போ, அந்த குன்ற அப்போ வெட்டிக்கிட்டிருந்த சிமெண்ட் கம்பெனி பேரையே அந்த நத்தைக்கு வெச்சாங்க, அதுக்கப்புறம் அந்த நத்தைய பத்தி கம்பெனியே பேச வேண்டி வந்துச்சு. பேரில்லாத உயிருக்காக எந்த மீட்டிங்லயும் ஒரு வரி கூட எழுத முடியாது, இஐஏங்கற சுற்றுச்சூழல் பாதிப்பு ரிப்போர்ட்ல அதுக்கு கட்டமே கெடையாது.

உங்க பக்கத்து கவலையும் எனக்குத் தெரியும். ஈயக்குட்டை ஆழம், கரை சரியும், நம்ம பிள்ளைங்க எத்தன பேரு குளிக்கப் போயி மூழ்கியிருக்காங்கன்னு பேப்பர்ல படிச்சு படிச்சு நெஞ்சு கனத்துப் போனவதான் நானும். வேலி போடாதீங்கன்னு ஒரு நாளும் சொல்லமாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம், தண்ணி ஓரமா, யாரும் கால் வெக்காத அந்த துண்டு மணல மட்டும் விட்டுடுங்க, அதுல களைக்கொல்லி அடிக்காம இருந்தா போதும். கொசு வரும்னு பயப்படவும் தேவையில்ல, ஏடிஸ் கொசு முட்ட போடுறது டயர், டின்னு, பூத்தொட்டித் தட்டு மாதிரி தேங்குன சின்ன தண்ணியில, மணலுக்குள்ள இல்ல. வெள்ளத் தடுப்புக்காக ஆழப்படுத்துற குட்டைங்கள்ல ஒரு ஓரத்த விடுறது கஷ்டம்னா, தோண்டுறதுக்கு முந்தின மாசம் சொல்லிட்டா கூட போதும், நாங்க வந்து எடுத்துக்குறோம்.

அனுமதி விஷயம் ஒண்ணு பாக்கி. உயிரியல் வளம் பத்தின 2017ஆம் வருஷத்து சட்டம், ஆக்ட் 795, 2020 டிசம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு. நல்ல சட்டம், நம்ம நாட்டு உயிர வெளிய அள்ளிட்டுப் போயி அங்க லாபம் பாக்குறத தடுக்குது, நான் அத முழுசா ஆதரிக்கிறேன். ஆனா உள்ளூர் மாணவி ஒரு பிடி மணல் எடுக்க நிலம் ஒருத்தர், தண்ணி இன்னொருத்தர், பூங்கா மூணாவது ஆளுன்னு ஒவ்வொரு கவுண்டரா அலைய வேண்டியிருக்கு. உங்க அலுவலகத்துல இதுக்குன்னு ஒரே ஒரு அதிகாரிய காட்டுங்க, வேணுங்கற ஃபாரம் எல்லாம் அவர்கிட்டயே குடுக்குறோம். எடுத்த ஸ்லைடு நாட்டுக்குள்ளயே இருக்கும்னு எழுதியும் குடுக்குறோம், பாங்கியில யுகேஎம்ல (தேசிய பல்கலைக்கழகம்) பூச்சி வகைப்பாட்டு மையம் இருக்கு, யுஎம்ல (மலாயா பல்கலைக்கழகம்) விலங்கியல் மியூசியம் இருக்கு, வெக்க எடத்துக்கு பஞ்சம் இல்ல.

அடுத்த வருஷத்துக்கான கரை சீரமைப்பு பட்டியல் உங்ககிட்ட இருக்கும். அத டெண்டருக்கு போறதுக்கு முன்னாடி பொதுவுல போடுங்க. எந்த ஏரி, கரையோட எந்தப் பக்கம், எந்த மாசம்னு மூணு வெவரம் இருந்தா போதும், நாங்க வாளி, சல்லடை, ஆல்கஹால் எல்லாத்தையும் சொந்தமா கொண்டாந்து, உங்க ஆள் ஒருத்தர பக்கத்துல நிக்க வெச்சே எடுத்துட்டு போறோம், பாத்த முடிவ உங்களுக்கும் எழுதி அனுப்புறோம்.

பதிலுக்கு காத்திருக்கிற,
கெப்போங் பயோலஜி ஆசிரியை