அம்மா சொன்ன மீதிப் பதில்

செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் உங்களில் ஒருவருடைய ஆட்கள் மைக்கோடு நின்றார்கள். எந்தச் சேனல் என்பது முக்கியமில்லை. எல்லோரும் இதைத்தான் செய்கிறீர்கள். "உங்களுக்குப் பிடிச்ச முதலமைச்சர் யாரும்மா?" என்று என் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா யோசிக்கவே இல்லை. "எம்ஜிஆர்."

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "பின்னே, பள்ளிக்கூடத்துல சோறும் முட்டையும் போட்ட மகராசனாச்சே" என்றார். அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "சோறு அவர் போட்டதுதான். முட்டை அவர் போடல. அது எண்பத்தொன்பதுல கலைஞர் ஆட்சியில வந்தது, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. எண்ணிக் கொடுத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

அன்று இரவு ஒளிபரப்பானது "எம்ஜிஆர்" என்ற ஒற்றைச் சொல் மட்டும். முட்டைக் கணக்கு வரவில்லை.

அம்மா 1982இல் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, 35 ஆண்டுகளுக்கு மேல் அரிசி மூட்டையோடும் இருப்புப் பதிவேட்டோடும் வாழ்ந்தவர். எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவில் இன்றும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எம்ஜிஆர் இருக்கிறார். அந்த அம்மாவே முட்டையை எம்ஜிஆர் கணக்கில் எழுத ஒப்பவில்லை. பிடிப்பது வேறு, கணக்கு வேறு என்று தெரிந்த ஆள் உங்கள் மைக்குக்கு முன்னால் நின்றார். நீங்கள் பிடிப்பதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தச் சாப்பாட்டுத் தட்டையே கொஞ்சம் பாருங்கள். 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, சில ஆண்டுகளில் நின்றது. 1956இல் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அரசுப் பணம் ஒரு பங்கு, ஊரார் கொடுத்த நெல்லும் காய்கறியும் ஒரு பங்கு என்கிற மாதிரிதான் ஓடியது. பிறகு அமெரிக்கப் பால்பவுடரும் சோள மாவும் வந்தன. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்ஜிஆர் தொடங்கியது முழுக்க அரசுச் செலவு. பணத்துக்கு எங்கே போவது என்று பலர் கேட்டார்கள், அவர் விடவில்லை. அதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அப்புறம் 1989இல் முட்டை, 2010இல் அது வாரத்துக்கு ஐந்து, ஜெயலலிதா காலத்தில் கலவை சாதம், 2022இல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு.

இனித் தேர்தல் முடிவுகளைப் பக்கத்தில் வையுங்கள். பள்ளியில் சோறு போட்ட காமராஜர் 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்கில் தோற்றார். முதல்வர் பதவியை அவர் 1963லேயே விட்டுவிட்டார். அரிசிப் பஞ்சமும் இந்திப் போராட்டமும் அடுத்து முதல்வரான பக்தவத்சலம் காலத்தவை. ஆனாலும் கோபம் காமராஜர் மீதும் விழுந்தது. அதே தேர்தலில் எம்ஜிஆர் குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டோடு படுத்திருந்த படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது, பரங்கிமலையில் ஜெயித்தார். 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை. 2010இல் வாரம் ஐந்து முட்டை தந்த திமுக அடுத்த ஆண்டே 23 இடங்களுக்குச் சுருங்கி, எதிர்க்கட்சித் தகுதியையும் இழந்தது.

சத்துணவு தந்த அதே எம்ஜிஆர் ஆட்சிதான் 1981இல் மதுவிலக்கைத் தளர்த்தியது, 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியது. பிள்ளைக்குத் தட்டும் அப்பாவுக்குக் கடையும் ஒரே அரசாங்கம் கொடுத்தது. "பொன்மனச் செம்மல்" என்ற பட்டத்தில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

இதனால் மக்களுக்கு விவரம் போதாது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பேசும் படித்தவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. 1979இல் எம்ஜிஆர் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது இரண்டே தொகுதி. வரம்பு போனது, 31 விழுக்காட்டு ஒதுக்கீடு 50 ஆனது. நடுவில் மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தும், சில மாதங்களில் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். செல்வாக்கு சரிகிறது என்று தெரிந்த உடனே ஆட்சி திருந்திய இடம் அது. ஆக, செல்வாக்கை அளப்பது வீண் வேலை இல்லை. அதை மட்டும் அளந்துவிட்டு "சிறந்த முதல்வர்" என்று தலைப்புப் போடுகிறீர்களே, அதுதான் பொய்க்கணக்கு.

மற்றக் கணக்கு எங்கே கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு தருகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பல நேரம் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைக்கப்படுகிறது. அன்று மாலை உங்கள் விவாத மேடையில் யாரோ யாரையோ ஒருமையில் பேசிய விவகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவு தூரம் போக நேரமில்லையா, சரி, ஒரு சத்துணவு மையத்துக்கு மதியம் பன்னிரண்டரைக்குப் போங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி. வருகைப் பதிவேட்டையும் இருப்பையும் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அமைப்பாளர் எத்தனை மையங்களைப் பார்க்கிறார் என்றும் கேளுங்கள். அம்மா கடைசி நான்கு ஆண்டுகள் "கூடுதல் பொறுப்பு" என்று இரண்டு மையங்களைப் பார்த்தார். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மூன்று கிலோமீட்டர், பெரும்பாலும் நடைதான். அந்த நான்கு ஆண்டும் யாருடைய ஆட்சி என்று அவர் சொல்வார். அவர்களுக்கு ஓட்டுப் போட்டதையும் மறைக்காமல் சொல்வார்.

அம்மா வீட்டில்தான் இருக்கிறார். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் காப்பியும் கிடைக்கும். இந்த முறை கொஞ்சம் பெரிய பேட்டரியாகக் கொண்டு வாருங்கள். முட்டையில் தொடங்கினால் அரை மணி நேரத்தில் முடிக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு அமைப்பாளரின் மகள்