பொழுதோட வாங்க: வாக்காளர் பதிவு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாக்காளர் பதிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் எழுதுகிறேன். எந்தத் தொகுதி, எந்தப் பாகம் என்று எழுதவில்லை. எழுதினால் ஒரே ஓர் அதிகாரி மேல் போட்ட புகாராக ஆகிவிடும். என்னோடு வேலை பார்க்கிற பத்துப் பேரில் நான்கைந்து பேருக்கு, விசாரிக்க வந்தபோது வீடு பூட்டியிருந்ததால் வாக்காளர் பட்டியலில் பேர் இல்லாமல் போன இதே கதை இருப்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எஸ்.ஐ.ஆர். என்கிற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்றால் என்ன, வரைவுப் பட்டியல் எப்போது வந்தது என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக என் வீட்டுக் கதவுக்கு வருகிறேன்.

அது லைன் வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் எட்டுக் கதவுகள், மூன்றாவது எங்களுடையது. நானும் வீட்டுக்காரரும் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். பையன் பள்ளிக்கூடம் விட்டு ஐந்து மணிக்கு வந்து, பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் சாவி வாங்கித் திறப்பான். ஆக, பகலில் அந்தக் கதவு பூட்டித்தான் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வாடகை கொடுக்க முடியாது.

2023-இல் நொய்யல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வீடு மாறினோம். முறைப்படி முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 போட்டோம். செல்போனிலேயே போட்டுக் கொடுத்தவன் பையன்தான். சில வாரம் கழித்து, நிராகரிக்கப்பட்டது என்று வந்தது. விசாரித்தால், நேரில் வந்து பார்த்தபோது விண்ணப்பதாரர் அந்த முகவரியில் இல்லை என்றார்கள். வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. ஆத்தா சொல்லியிருக்கிறார்: "ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிட்டாங்க கண்ணு, பொழுதோட வாங்க." எங்கள் பக்கம் பொழுதோட என்றால் பொழுது சாய்ந்த பிறகு. பொழுதோட யாரும் வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூடக் கதவில் இல்லை.

சரி, பேர் பழைய பட்டியலிலாவது இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். 2024 ஏப்ரல் 19 அன்று பழைய பகுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் ஓட்டுப் போட்டோம்.

அப்புறம் 2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர்.-க்காக வீடு வீடாகக் கொடுத்த கணக்கீட்டுப் படிவம் வந்தது. எங்கள் படிவம் பழைய வீட்டுக்குத்தானே போகும்? அங்கே புதிதாக இருப்பவர்கள், "அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் எங்கள் இருவர் பேரும் இல்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் எங்கள் பேருக்கு நேரே குடிபெயர்ந்தவர் என்று காரணம் போட்டிருந்தது.

புது வீட்டில் நான் இல்லை என்கிறது ஒரு தாள். பழைய வீட்டிலும் இல்லை என்கிறது இன்னொரு தாள். இரண்டும் அரசாங்கத் தாள், இரண்டும் சரி என்றால் நான் குடியிருப்பது நடுவில் ஓடுகிற நொய்யல் ஆற்றிலாகத்தான் இருக்க வேண்டும். அங்கே வாக்குச்சாவடி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது படிவம் 6 போடச் சொன்னார்கள். அது புதிய வாக்காளர்களுக்கான விண்ணப்பம். நாற்பத்திரண்டு வயதில், நாலைந்து தேர்தலில் மை வைத்த விரலோடு, புது வாக்காளராகக் கையெழுத்துப் போட்டேன். கூடவே ஓர் உறுதிமொழித் தாள். அதற்கு, முந்தைய தீவிரத் திருத்தத்தில் வந்த 2002, 2005 பட்டியலில் என் பேரோ அப்பா அம்மா பேரோ எங்கே இருக்கிறது என்று பாகம் எண், வரிசை எண்ணோடு தேட வேண்டும். எங்களுக்குப் பூர்வீகம் போடி பக்கம். அப்பா பேரை அந்தக் காலத்தில் யார் எந்த எழுத்தில் தட்டச்சு செய்தார்களோ, இரண்டு ராத்திரி உட்கார்ந்துதான் கண்டுபிடித்தோம். அதையும் குறையாகச் சொல்லவில்லை. தேடினோம், கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை முகாமில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

போன வாரம் மறுபடியும் விசாரிக்க வந்திருக்கிறார்கள். காலை பதினொரு மணி. கதவு பூட்டியிருந்தது.

இதற்காகத்தான் இந்த மடல். கதவு பூட்டியிருந்தது என்று எழுதுவதற்கு முன் இரவு எட்டரை மணிக்கு மேலோ, ஞாயிற்றுக்கிழமையோ ஒரே ஒரு தடவை வரச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால், வந்து போனதாக ஒரு சீட்டும் ஒரு போன் நம்பரும் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

வந்து பார்க்கிற பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் பகுதிக்கு வருகிறவர் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். குழந்தைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, வெயிலில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். அவரை இரவில் தனியாக லைன் வீடுகளுக்கு அனுப்புவது சரியில்லை என்றால் அதையும் ஏற்கிறேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, அதற்கு ஈடாக இன்னொரு நாள் விடுப்புக் கொடுங்கள். நேரத்தை முடிவு செய்கிற இடத்தில் இருப்பது நீங்கள்தானே?

கணக்கீட்டுப் படிவத்துக்காகக் குறைந்தது மூன்று முறை வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி வைத்தீர்கள். நல்ல விதி. ஆனால் மூன்று முறையும் காலை பதினொரு மணிக்கே போனால் அது ஒரு முறை போனதற்குச் சமம்தான். வீடே இல்லாமல் தெருவோரம் படுக்கிறவர் விண்ணப்பித்தால், இரவில் போய் அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. மாதா மாதம் வாடகை கொடுத்துக் கூரைக்கடியில் தூங்குகிற எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

ஆதாரம் கொடுத்தால் நேரில் வரவே வேண்டாமே என்பீர்கள். உங்கள் படிவத்தில் வாடகைதாரருக்கு என்று கேட்டிருப்பது பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். எங்கள் ஊரில் யாரிடம் அது இருக்கிறது? எல்லாம் பதினொரு மாத ஒப்பந்தம், அதுவும் பதிவு செய்யாத பத்திரத்தில். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-இல் சட்டமே போட்டாயிற்று, ஆனால் அதை வீட்டு ஓனரிடம் சொன்னால் அடுத்த மாதம் காலி பண்ணச் சொல்வார். கரண்ட் பில் அவர் பேரில். இந்த முகவரியில் ஓட்டு வாங்கிவிட்டால் வீட்டையே கேட்போம் என்று அவருக்கு ஒரு பயம். ஓட்டுரிமை வேறு, வீட்டுரிமை வேறு என்று நீங்களாவது அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் அடித்து விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

நோட்டீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜனவரி 25, வாக்காளர் தினத்துக்கு எங்கள் கம்பெனியிலும் உறுதிமொழி வாசித்தார்கள். கையை நீட்டி நானும் வாசித்தேன். பட்டியலில் பேர் இல்லாமலே வாசித்தேன். ஊர் முழுக்க நூறு சதவீத வாக்குப்பதிவு என்று கோலமும் பேனரும். பட்டியலைச் சுருக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் நூறும் வந்துவிடும். தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பேர் வரைவுப் பட்டியலில் விடுபட்டிருக்கிறது; அதில் 66 லட்சத்துச் சொச்சம் பேர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள். உண்மையிலேயே போனவர்களும் இரட்டைப் பதிவும் நிறைய இருக்கும், மறுக்கவில்லை. எத்தனை பேர் அந்த நேரத்தில் வேலையில் இருந்தார்கள் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள்.

நிராகரித்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடமும், அதன் பிறகு 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம் என்று தெரியும். வாக்காளர் உதவி எண் 1950-க்கு அடித்தபோது அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் யாராலும் பட்டியலில் ஒரு பேரைக்கூடச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு முறை கலெக்டர் ஆபீஸ் போவதற்கும் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். கதவிடுக்கில் ஒரு சீட்டு செருகினால் இது எதுவும் தேவைப்படாது.

ஆகவே தயவுசெய்து, எங்கள் விண்ணப்பத்தை முடித்து வைப்பதற்கு முன் ஒரு தடவை பொழுதோட வாருங்கள். இரவு எட்டே முக்காலிலிருந்து இருப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய் வரும் அரை மணி நேரம் தவிர நாள் முழுக்கக் கதவு திறந்தே இருக்கும். பூட்டியிருந்தால் ஆத்தாவிடம் சொல்லுங்கள், போன் போட்டுக் கொடுப்பார்.

நன்றியுடன்,
ஒரு செக்கிங் தொழிலாளி,
லைன் வீட்டில் மூன்றாவது கதவு, திருப்பூர்.